நாற்பத்திரண்டாவது கடிதம்

முதுகலைப் பட்டத்துக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் லேப் அக்கா செய்து முடித்தார். இந்தத் துறை செய்ய வேண்டிய ஒன்றே ஒன்றை இந்தத் துறை செய்யவில்லை.

மேடையில் இருக்கும் துறைத் தலைவர் ஐயாவுக்கும், பேராசிரியர்களுக்கும், உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் மாணவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவருக்கும் மகளுக்கும் வணக்கம். இரங்கல் கூட்டத்தில் இப்படியா ஆரம்பிப்பது என்று சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் அவரை 'அர்ப்பணிப்பின் சிகரம்' என்றார்கள். அந்தச் சிகரத்தை ஒரு கையெழுத்துக்காக இரண்டு வருடம் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தது யார்?

பதினான்கு வருடம் அவர் நம் கணினி ஆய்வகத்தின் பொறுப்பாளர். உங்களில் எத்தனை பேர் தேர்வு நடுவே திரை கறுத்துப்போய், கீபோர்டைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள்! "பயப்படாதே, செத்தது மெஷின்தான், நீ இல்ல. அந்த ஓரத்து மெஷினுக்குப் போ" என்று தோளைத் தட்டியது யார்? ஒரு மாணவி ஆறு மாதம் செய்த ப்ராஜெக்டை அவள் கையாலேயே அழித்துவிட்டு அழுதாள். அக்கா மேஜை டிராயரிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினார். "அழிச்சது நீ. காப்பாத்துனது வெள்ளிக்கிழமை." வெள்ளிதோறும் எல்லோருடைய வேலையையும் பிரதி எடுத்து வைக்கச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை.

அந்த வேலைக்கு நடுவில்தான் கணினி அறிவியல், தகவல் முறைமை முதுகலையில் சேர்ந்தார். நானும் அவரும் ஒரே வகுப்பு. பன்னிரண்டு பாடம், ஒரு ப்ராஜெக்ட், ஒரு வாய்மொழித் தேர்வு. பன்னிரண்டிலும் தேறினார், ப்ராஜெக்டையும் வாய்மொழித் தேர்வையும் முடித்தார். நான் ஒன்றில் தோற்று, அவரிடம் கற்றுக்கொண்டு மறுபடி எழுதினேன்.

பிறகு பாடத்திட்டம் மாறியது. 'தரவுத்தள அறிமுகம்' என்ற பாடத்துக்குப் புது எண் கொடுத்தார்கள். பாடம் அதே பாடம், புத்தகம் அதே புத்தகம். ஆனால் பழைய எண்ணில் தேறியவர்களையெல்லாம் பதிவு மென்பொருள் 'தகுதி நிறைவு பெறவில்லை' என்று காட்டியது. இரண்டும் ஒன்றே என்று துறைத் தலைவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த மாணவர் பெயர் இருக்கும் வரியை மென்பொருளில் திருத்திவிடலாம். திருத்தும் பொறுப்பு யாருக்கு? அக்காவுக்கு. அந்த மென்பொருளை எழுதியதே அவர்தானே!

நாற்பத்தொரு கடிதங்கள் வந்தன. நாற்பத்தொரு வரிகளைத் திருத்தினார். என்னுடையது பதினேழாவது. நாற்பத்திரண்டாவது அவருடையது. அதுதான் வரவே இல்லை.

முதல் விண்ணப்பம், பணியாளர் என்பதால் நிர்வாகம் வழியாக வர வேண்டும் என்று திரும்பியது. இரண்டாவது, படிவம் மாறிவிட்டது என்று திரும்பியது. மூன்றாவதுக்குக் குழு கூடியது. அந்தப் பாடத்தை அவர் மறுபடி படிக்கட்டும் என்று முடிவு செய்தது. சரி என்று சேரப் போனார். "அந்தப் பாடத்தின் ஆய்வக மதிப்பெண்ணைப் போடுவதே நீங்கள்தான், உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போட முடியாது, ஆகவே சேர்க்க முடியாது" என்றது அலுவலகம். சேரச் சொன்னதும் நீங்கள், சேரக் கூடாது என்றதும் நீங்கள்!

"நீங்க எங்கம்மா ஓடிப்போகப் போறீங்க, இங்கேதானே இருக்கீங்க? மெதுவா பாக்கலாம்" என்றீர்கள், ஐயா. நானும் அந்த அறையில்தான் நின்றிருந்தேன்.

விரிவுரையாளர் பணிக்கு நேர்காணல் பட்டியல் வந்தது. பட்டம் இல்லாததால் அவர் பெயர் இல்லை. அந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவன் நான். முதல் நாள் வகுப்புக்கு ப்ராஜெக்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, "இனிமே சார்னு கூப்பிடணுமா, தம்பின்னே கூப்பிடலாமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இன்று பேசுவதை அன்றே பேசியிருக்க வேண்டும். அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது. உங்களுக்கு?

துக்கம் விசாரிக்கப் போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். பேருந்து ஓட்டுநரான அவர் கணவர் சொன்னார்: "நானே கேட்டேன் தம்பி. பாஸ்வேர்டு உன் கையில இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை, மாத்திட்டுப் போயேன்டின்னு. 'என் பேரு இருக்கிற வரியில என் கை படக்கூடாதுங்க'ன்னுட்டா." அக்கா அப்படிச் சொன்ன பிறகு ஒரு காலையில் மூளையில் ரத்தக்கசிவு. மூன்று நாள். நாற்பத்தைந்து வயது. இந்தத் துறை அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன், நான் டாக்டர் இல்லை. காக்க வைத்தது என்று சொல்வேன், அதற்கு நான் சாட்சி.

இப்போது எல்லோரும் ஒரு முறை நிமிர்ந்து மேடைக்குப் பின்னால் பாருங்கள். துறையின் செலவில் அடித்த பேனர். அக்காவின் படம். பெயருக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது? எம்.எஸ்சி.! இதற்கு எந்தக் குழு கூடியது? எந்தப் படிவம் நிரப்பினீர்கள்? உயிரோடு இருந்தவருக்குக் கொடுக்க முடியாத பட்டத்தைத் துணியில் அச்சடிக்க ஒரே மதியம் போதுமாக இருந்ததா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். ஆய்வகம் எட்டு மணிக்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை பிரதி எடுக்கப்படும். மென்பொருளின் பொறுப்பு இப்போது என்னிடம், பாஸ்வேர்டும் என்னிடம். கடிதம் இல்லாமல் நானும் ஒரு வரியைக்கூடத் தொட மாட்டேன். அவர் தொடாததை நான் தொட்டால் அது அவருக்கு அவமானம்.

அவர் மேஜை டிராயரில், அந்த டிஸ்க்குகளுக்கு அடியில் இது இருந்தது. நான்காவது விண்ணப்பம். அவர் கையெழுத்து இருக்கிறது. கீழே உங்கள் இடம் காலியாக இருக்கிறது.

ஐயா, இதோ பேனா. ஒன்று, அவர் மகள் பார்க்க அந்தப் பேனரிலிருந்து எம்.எஸ்சி.யைக் கிழித்து எடுங்கள். இல்லையென்றால் இதில் கையெழுத்துப் போடுங்கள்.

ஐயா, உங்களைத்தான். மேஜையைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள்.

கையெழுத்துப் போடுங்கள் ஐயா.