மச்சான் கிணறு

"ஏம்ப்பா, மாமா கெணத்தையும் நம்மதுன்னு குமாஸ்தாகிட்ட சொன்னீக?"

அறுபதுகளில், திண்டுக்கல் தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழுக்குக் காத்திருந்தபோது எனக்குப் பின்னால் கேட்டது. ஆத்தூர் விவசாயி ஒருவரும் அவர் மகளும்.

"அசலூர்க்காரன் விசாரிச்சா, இல்லாதவன்னா சொல்லுவாக? உங்கக்காளைப் பொண்ணு கேட்டு வந்தப்பவும் அப்படித்தான் சொன்னேன்."

"இது சம்பந்தம் பேசுறதில்லப்பா. டெல்லியில சர்க்கார் காலேஜுல எடம் கெடச்சாலும் உதவித்தொகை இல்லாட்டி நான் போக முடியாது. இல்லாதவகளுக்குத்தான் அதைக் குடுப்பாக."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குமாஸ்தாவிடம் போனார்.

"அய்யா, அந்தக் கெணறு எம் மச்சானோடது. நான் ஏழை. டெல்லிக்காரனுக்குத் தெரியுற மாதிரி, அதை நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க!"