மாதம் ஒரு முத்திரை

உங்கள் அறையில் தரை ஓடு சரியாகப் பதிக்கவில்லை சார். சன்னலோரம் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு ஓடு பதிக்கிற வேலை, அதனால் கண் அங்கேதான் போகிறது.

கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாட்டுக்குள் வர எங்களுக்கு விசா வேண்டாம். முப்பது நாள் சுற்றிப் பார்க்கலாம். நான் ஆறு வருடம் சுற்றிப் பார்த்தேன், முட்டி தேய, உங்கள் குளியலறைகளை. இருபத்தொன்பதாம் நாள் பஸ் ஏறி எல்லை தாண்டி, அந்தப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு, புது முத்திரையோடு திரும்புவேன். எல்லை அதிகாரிகள் கையைத்தான் பார்ப்பார்கள். அதனால் முதல் நாளே எலுமிச்சை தேய்த்து நக இடுக்குச் சிமெண்டைப் போக்கிவிட வேண்டும். சுற்றுலாக்காரன் மாதிரி கழுத்தில் ஓடாத கேமரா ஒன்று. இந்த வித்தையெல்லாம் தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்தது. அவனையும் அவன் பெண்டாட்டியையும் வரவழைத்ததே நான்தான். பக்கத்து அறையில் குடிவைத்தேன்.

போன மாதம் மேஸ்திரி வேலை பெர்மிட் ஒன்றுக்கு எழுதிப் போட்டார். ஒன்றே ஒன்று. "உனக்கு வயசாச்சுப்பா, தம்பி பேர்ல போடறேன்" என்றார். 'அண்ணனுக்குக் குடுங்க' என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. "குழந்தை பொறக்கப் போகுதில்ல அண்ணே" என்று தலையைச் சொறிந்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

பெர்மிட் கைக்கு வருமுன் அவனுக்கு இன்னும் ஒரு முத்திரை தேவைப்பட்டது. அவன் பெண்டாட்டி நிறைமாசக்காரி. பஸ் ஏற முடியாமல் கெடு தாண்டி இரண்டு மாதமாகத் தங்கியிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும் போனோம். எல்லையில் எப்போதும் தெரியாதவர்கள் மாதிரி வேறு வேறு வரிசையில் நிற்போம். அன்று என் முறை வந்ததும் அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னேன்: "அந்த நீலச் சட்டைக்காரர் கையைக் கொஞ்சம் பாருங்க." எலுமிச்சை தேய்க்கச் சோம்பல்படுகிறவன் அவன். அப்படியே திருப்பி அனுப்பினார்கள். ஐந்து வருடத்துக்கு அவன் இந்த நாட்டுக்குள் வரக் கூடாது.

சாயங்காலம் போன் பண்ணினான். "யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கண்ணே. அவளை மட்டும் பாத்துக்க."

"நான் இருக்கேன்டா" என்றேன்.

மூன்றாம் நாள் காலை அவளுக்கு வலி கண்டது. சுவரைத் தட்டினாள். "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். புடிச்சா புடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள். அவள் யார் என்று கேட்கிறவர்கள் நான் யார் என்றும் கேட்பார்கள். பெர்மிட்டை மேஸ்திரி என் பேருக்கு மாற்றியிருந்தார்; ஒரு கையெழுத்துதான் பாக்கி. "வண்டி சொல்லியிருக்கேன்மா, வந்துட்டே இருக்கு" என்றேன். நான் எந்த வண்டியும் சொல்லவில்லை. அக்கம்பக்கம் எல்லாம் வேலைக்குப் போயிருந்தது; யாருக்காவது போன் பண்ணிவிடுவாள் என்று அவள் போனை எடுத்துக்கொண்டு, வெளிக்கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று இரண்டு குளியலறை முடித்தேன். திரும்பி வந்து திறந்தபோது தாய்க்கும் உயிர் இல்லை, பிள்ளைக்கும் இல்லை.

இவ்வளவும் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்தத் தாளில் முதல் குற்றமாக 'கெடு தாண்டித் தங்கியவர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆறு வருடத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியது கிடையாது. முதலில் அதை அடியுங்கள். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் சார்.