எந்தத் திரை?

தலைமை தாங்கித் தாங்கியும் தளராத தலைவர் அவர்களே! சான்றோர்களே! கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைக்கும் கலைச்சுவைஞர்களே! என் நாடகத்தைப் பார்த்த பின்னும் என்னை மன்னித்த தாய்மார்களே! வணக்கம்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் கடல்கடந்த நாடொன்றில் எழுதப்பட்ட மன்னன் கதையை நான் பரிசோதனை செய்தேன். சிம்மாசனத்தைத் தூக்கினேன், சலூன் நாற்காலியைப் போட்டேன். கிரீடத்தைக் கழற்றினேன், மூன்று கேமராக்களை மாட்டினேன். மன்னனாக என் மனைவியையே நடிக்கவைத்து, அவர் முகத்தைப் பின்னால் பெரிய வெண்திரையில் காட்டினேன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்க, வசனமாவது மிச்சம் இருக்கா?" என்றார் அவர்.

சிரிக்கிறீர்கள்! அன்று நான் சிரிக்கவில்லை. மேதைகள் சிரிப்பார்களா?

கடைசிக் காட்சிக்கு இப்படி எழுதியிருந்தேன்: 'மன்னன் பேசப் பேசத் திரை விழுகிறது.' கயிறுகளுக்குப் பொறுப்பு என் மனைவியின் அண்ணன். "மாப்ள, எந்தத் திரை? முன்னாடி தொங்குறதா, படம் ஓடுறதா?" என்று கேட்டார். "எழுதினதைச் செய்யுங்க மச்சான்!" என்று எரிந்து விழுந்தேன்.

செய்தார். விழுந்தது. முன்திரையா விழுந்தது? இல்லை ஐயா, படத்திரை! மன்னன் தலைமேல்! நல்லவேளை, வெறும் துணி. அந்தத் துணிக்குள்ளிருந்து என் மனைவி மிச்ச வசனத்தையும் விடாமல் சொன்னார்: "வெளிச்சம் எங்கே? யாருமே இல்லையா?" அரங்கமே அழுதது. 'அதிகாரமே சவத்துணியாய்க் கவியும் அரிய குறியீடு' என்று எழுதினார் விமர்சகர். குறியீடா? கயிறு ஐயா, கயிறு!

அந்தக் கயிற்றுக்குத்தான் இன்று எனக்கு இந்தக் கேடயம். நாடகம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் மச்சானை முட்டாள் என்றேன். விமர்சனம் வந்ததும் அது என் மூளையில் உதித்தது என்றேன். மூன்று மாதமாக அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கையைப் பார்க்கக்கூட வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் மச்சான் அவர்களே! கேட்டவர் நீங்கள், பதில் சொல்லாதவன் நான். முட்டாள் யார்? மேடைக்கு வாருங்கள், இது உங்கள் கேடயம்!

என்ன? என்ன சொல்கிறார்?

"எழுதிக் குடுங்க மாப்ள, வர்றேன்!"

தட்டுங்கள், நன்றாகக் கைதட்டுங்கள்! எழுத மாட்டேன் மச்சான். இனி நீங்கள் கேட்டால் வாய் திறந்து பதில் சொல்வேன். இதோ, எழுந்துவிட்டார்! வருகிறார்!

பொறுமை மிக்க பெருமக்களே, உங்களுக்கும், என்னோடு குடித்தனம் நடத்தும் மன்னருக்கும் நன்றி, வணக்கம். மச்சான், வந்த கையோடு இந்த மேடைத் திரையின் கயிற்றையும் பிடியுங்கள். திரை விழட்டும். முன்திரை மச்சான், முன்திரை!