வரிசையில் கிடக்கும் பை

சேதராப்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு வரும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. மூத்தவர் இப்போது அரியாங்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கிறாராம். இளையவர் சொன்னது காதில் விழுந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"பையனுக்கு கவர்மென்ட் வேல கெடச்சதும் ஏழைங்களுக்கான செவப்பு ரேஷன் கார்ட திருப்பிக் குடுத்துட்டோம்க்கா. இனிமே எங்களுக்கு ரேஷன் அரிசி கெடையாது. ஆனா அரிசி போடுற அன்னிக்கு, எம் பைய இன்னும் வரிசையில போட்டுட்டுதான் இருக்கேன்."

"அரிசி இல்லாம எதுக்குடி பை?"

"பை கெடந்தா, ஏன் வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க இல்ல. கடைக்கு எதுத்தாப்புல நெழல்ல உக்காந்துக்கலாம்."

"அவிச்ச மல்லாட்ட கொண்டாருவமே, அரிசி லாரி வர வரைக்கும் ஒவ்வொரு கடலையா உரிச்சுத் தின்னுட்டிருக்க."

"இப்பவும் கொண்டாறாங்க. உம் மருமவள நீ மொதல்ல பாத்ததே அங்கதானக்கா."

"ஆமா. அவங்க அம்மா பைக்குப் பின்னால எம் பை." மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பினார். "சரி, உன் மொற வந்துட்டா என்னடி பண்ணுவ?"

"வரதுக்கு முன்னாடியே எடுத்து கடைசில போட்டுடுவேன்."

இருவரும் சிரித்தார்கள். பஸ் நிலையத்தில் மூத்தவர் எழுந்தார்.

"அடுத்த தடவ அரிசி போடறப்ப போன் பண்ணு. எனக்கும் ஒரு பை போட்டு வை."