ப்ரூனோ மேல் விழுந்த பழி

நோரீன்: பேச்சை மாத்தாத டெஸ்மண்ட். பெட்டூனியாவோட வயித்துப் பைக்குள்ள குட்டி இருக்கு. அவரை விதை அளவுல, பால்காம்பைக் கவ்விக்கிட்டு.

டெஸ்மண்ட்: அதுக்கு எங்க ப்ரூனோ என்ன பண்ணுவான்?

நோரீன்: என்ன பண்ணினான்னு என் வாயால வேற சொல்லணுமா? இந்த ரோட்டுல ஆண் வாலபி, அந்தக் குட்டைக் கங்காருவை, வளக்கிறது நீ ஒருத்தன்தான். பெட்டூனியா கார்ல அடிபட்டு என்கிட்ட வந்து நாலு வாரம் ஆகப்போகுது. நடுவுல இருக்கிறது உன் ஓட்டை வேலி.

டெஸ்மண்ட்: என் வேலியா! மூணு வருஷமா அந்த வேலிக்காகத்தானே நீ என்கிட்ட பேசாம...

நோரீன்: அது இப்ப வேணாம். காயம்பட்ட காட்டு மிருகங்களைப் பாத்துக்கத்தான் எனக்கு லைசென்ஸ். இங்க அதுங்க சேரக் கூடாது. படிவத்துல அப்பன் பேரு கேக்கறான். 'ப்ரூனோ'ன்னு எழுதினா அடிலெய்டுலேர்ந்து வனத்துறை ஆளுங்க வந்து அவனைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.

டெஸ்மண்ட்: ஐயோ! புட்டிப்பால் குடுத்து வளத்த புள்ள... பேனாவைக் கீழ வை. அவ வந்தப்ப பையில வேற குட்டி இருந்துச்சா?

நோரீன்: இருந்துச்சு... அடிபட்டதுல செத்துப்போச்சு. பாவம்.

டெஸ்மண்ட்: அதான் சங்கதி! அது பொறந்த கையோட அவ காட்டுல இணை சேந்திருப்பா. அந்தக் கரு வயித்துல தூங்கும். பையில இருக்கிறது பால் குடிக்கிறவரை ஒரு ஹார்மோன் அதை அமுக்கி வெச்சிருக்கும். பால்குடி நின்னா, அந்த ஹார்மோன் எறங்கி வேற ஒண்ணு ஏறும். கரு முழிச்சுக்கும். இருபத்தாறு இருபத்தேழு நாள்ல பிரசவம்.

நோரீன்: ம்ம்... நல்லா கதை விடற.

டெஸ்மண்ட்: கதையா? அவளுக்கு யோனியே ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணு. குட்டி ரெண்டுலயும் வராது. பிரசவ சமயத்து ஹார்மோன் உள்ள எல்லாத்தையும் இளக்கி, நடுவுல தனியா ஒரு வழி திறக்கும்.

நோரீன்: நடுவுல ஓட்டையா? உன் வேலி மாதிரின்னு சொல்லு.

டெஸ்மண்ட்: சிரிக்காத! அந்தக் குட்டி செத்து எத்தனை நாளாச்சு, எண்ணு.

நோரீன்: நேத்தோட... இருபத்தாறு.

டெஸ்மண்ட்: பாத்தியா!

நோரீன்: இருந்தாலும் ப்ரூனோன்னே எழுதிடறேன்.

டெஸ்மண்ட்: அம்மா தாயே, நிறுத்து! அவனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே விதையெடுத்தாச்சு.

நோரீன்: அதை வாசல்லயே சொல்றதுக்கு என்ன?

டெஸ்மண்ட்: சொன்னா கதவைச் சாத்திடுவியே... மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் கூப்பிட்ட. கொஞ்ச நேரம் பேசலாமேன்னு... என்ன, மறுபடி சிரிக்கிற?

நோரீன்: யோவ், உன் ப்ரூனோ தினமும் என் சமையலறை ஜன்னலுக்கு நேராத்தான் மல்லாந்து வெயில் காயறான். அவன்கிட்ட என்ன இல்லைன்னு எனக்குத் தெரியாதா? படிவம் நேத்தே போயிடுச்சு, 'அப்பன் காட்டுல'ன்னு எழுதி. இப்ப எழுதிட்டிருக்கிறது மளிகை லிஸ்ட்டு... உனக்கு டீயில இப்பவும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைதானே?