தாராவி ரோட்டு வெள்ளைக் கோடு பற்றி முப்பிடாதியம்மாள் சொன்னது

பெயர் முப்பிடாதியம்மாள், வயது ஐம்பத்து நாலு, காலஞ்சென்ற வானமாமலையின் மனைவி, இருப்பு பம்பாய் தாராவி, பெரிய ரோட்டுக்குக் கிழக்கே வரிசை வீடுகளாக உள்ள சால், சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா. 1966 ஜூலை 14ஆம் தேதி, தமிழ் தெரிந்த ஹவல்தார் கேட்க நான் சொல்வது:

செவ்வாய்க்கிழமை தோறும் என் வீட்டில் விளக்கேற்றிப் பூஜை செய்கிறேன். அருள் வந்து அம்மன் என் வாயால் சொல்வதை எங்கள் சால் பெண்கள் தட்டுவதில்லை. ரோட்டை அகலமாக்கிய பிறகு தண்ணீர்க் குழாய் எதிர்ப்பக்கம் போய்விட்டதால் தினமும் குடத்தோடு கடக்க வேண்டும், லாரிகள் நிற்பதில்லை. அதற்காகப் போன மாதம் முனிசிபாலிட்டி ஆட்கள் ரோட்டின் குறுக்கே பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு போட்டு, ஒரு போலீஸ்காரரையும் நிறுத்தினார்கள். வேலை தொடங்கும் முன் அவர்கள் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி அந்த இடத்தில் போட்டதை நான் பார்த்தேன். எங்கள் பக்கம் கழிப்புக் கழித்துப் போட்டதை யாரும் தாண்ட மாட்டார்கள், தாண்டினால் தோஷம் தாண்டியவர் மேல் ஏறிவிடும். அதை நான் சொன்னபோது பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள், "ஏன் சித்தி, பேய் எப்பம் முனிசிபாலிட்டி வேலையில சேந்துச்சி?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன்பிறகு வந்த செவ்வாய்க்கிழமை நான் தலைவிரித்து ஆடி, "அந்தக் கோட்ட எவளும் மிதிக்கப்பிடாது" என்று சொன்னேன். அன்று எனக்கு அருள் வரவில்லை. இதை நேற்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் முதல் பெண்கள் கோட்டை விட்டுத் தள்ளி வளைவுப் பக்கம் கடந்தார்கள். அங்கே லாரி கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். போலீஸ்காரர் விசில் ஊதி ஊதிப் பார்த்து விட்டுவிட்டார். முந்தாநாள் காலை ஏழு மணிக்குக் கோமதியம்மாள் நிறைகுடத்தோடு வளைவில் இறங்கினாள். சிரித்தவள்தான், அவளும் கோட்டின் பக்கம் போகவில்லை. ஜெயினுலாப்தீன் ஓட்டி வந்த தோல் லாரி அவளை அடித்துவிட்டது. அவர் மெதுவாகத்தான் வந்தார், ஹாரனும் அடித்தார். குடம் நசுங்காமல் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

நேற்று, லாரிக்காரரை லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் சொன்னது பொய் என்று பெண்களிடம் ஒப்புக்கொண்டேன். அவர்கள், "அன்னைக்குச் சொன்னது அம்மன், இன்னைக்குச் சொல்லுதது நீரு. நாங்க யாரு பேச்சக் கேக்க?" என்றார்கள். இன்று காலை நானே கோட்டின் மேல் நின்று கூப்பிட்டேன். கோமதியின் மகள், "வேண்டாம் ஆச்சி, அம்மனுக்குக் கோவம் வந்துரும்" என்று சொல்லிவிட்டு வளைவில் இறங்கினாள்.

வரும் செவ்வாய்க்கிழமை ஆடி, கோட்டில் நடக்கச் சொல்லி வாக்குக் கொடுத்தால் என்ன என்று ஹவல்தார் கேட்டார். அம்மன் பேரில் ஒரு பொய் சொன்னதற்கு ஓர் உயிர் போயிருக்கிறது, இன்னொன்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றேன்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) வா. முப்பிடாதியம்மாள்