மீன் வாடை

பீர் கலங்கலாக இருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஈஸ்ட் அடியில் படியக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். குளிரில் வைத்துக் காத்திருந்தால் தானாகத் தெளியும். பொறுமையில்லாதவர்கள் மீனின் காற்றுப்பையைக் காயவைத்துப் பொடித்துப் போடுகிறார்கள். அது மிதப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். குடிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் ஆலையில் அது கிடையாது. சின்ன ஆலைதான், நான், தம்பி, அவன் மனைவி, மூன்றே பேர். நான் காய்ச்சுவேன், தம்பி விற்பான், அவள் பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டுவாள். முழுக்க வீகன், விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராது. லேபிள் பசையில் பால் சேர்கிறது என்று தெரிந்த அன்றே மக்காச்சோள மாவுப் பசைக்கு மாறினேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவள் நான்.

தம்பி வீட்டில் மீன் தின்பான். அதை நான் தட்டிக்கேட்டதில்லை. ஆனால் அவன் வாயைத் திறந்தால் அந்த வாடை வரும். பார்லி மால்ட் மூட்டையில் கைவைத்தால் மூட்டையில் வரும். அவன் குடித்த டம்ளரை இடுக்கியால் எடுத்துத்தான் வெந்நீரில் போடுவேன். கூடப்பிறந்தவனாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர்கள் கலங்கல் என்று ஒருமுறை சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்து காய்ச்சியது கண்ணாடி மாதிரி தெளிந்து வந்தது. தம்பிக்கு வாயெல்லாம் பல். இரண்டு நாள் கழித்து அவன் அலமாரியில் கத்தரிக்கோல் தேடினேன். பழைய காகிதங்களுக்கு அடியில் அந்த மீன் பொடி, ஒரு பொட்டலம் இருந்தது. அந்த பீரைத் தினமும் ருசி பார்த்தவள் நான். பின்பக்கம் போய் வெறும் பித்தம் வரும்வரை வாந்தியெடுத்தேன். நாக்கை உப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் வாயைத் திறப்பான்.

மறுநாள் காலை தொட்டி கழுவ வேண்டியிருந்தது. மேலே மூடி, உள்ளே ஏணி. ஆள் இறங்கிச் சுவரில் காய்ந்த நுரையைத் தேய்க்க வேண்டும். பீர் புளிக்கும்போது வரும் கரியமில வாயு, பீரை எடுத்த பிறகும் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. வாடையும் கிடையாது, எனக்கு அதில் பிடித்தது அதுதான். ஒரு மணி நேரம் காற்றாடி ஓடாமல் யாரும் இறங்கக் கூடாது. அந்த விதியை எழுதி ஒட்டியவளும் நானே.

"காத்து அடிச்சாச்சாக்கா?" என்றான்.

"ஆச்சு, எறங்கு" என்றேன்.

பிரஷ் நாலைந்து முறை உரசியது. பிறகு பிரஷ் விழுந்தது. அப்புறம் அவன் விழுந்தான். மூடிப் பக்கம் குனிந்து பார்த்திருக்கலாம். அவன் மூச்சு மேலே வருமே என்று குனியவில்லை.

லேபிள் மேஜையிலிருந்து அவன் மனைவி, "அவரு எங்க அண்ணி?" என்று கேட்டாள்.

"உள்ள தேய்ச்சிட்டிருக்கான். நீ பாத்து ஒட்டும்மா, கோணலாப் போகுது" என்றேன்.

அவள் ஒரு பெட்டி முழுக்க ஒட்டி முடித்தாள். அதற்குப் பிறகுதான் காற்றாடியைப் போட்டேன். தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டேன்.

அவனை எடுத்துப்போனதும் தொட்டியைக் காஸ்டிக் சோடா போட்டு மூன்று முறை கழுவினேன். பிணம் கிடந்த இடம். அதில் எப்படி வீகன் பீர் காய்ச்சுவது?

விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நானும் என் பாட்டுக்கு இருந்திருப்பேன். ஆனால் அறிக்கையில் காய்ச்சுபவரின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தீர்கள். பதினொரு வருடத்தில் நான் எதையும் மறந்தவளில்லை. அன்றும் மறக்கவில்லை. காற்றாடியின் வயரைக் காலையிலேயே நான்தான் கழற்றி வைத்தேன். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

இப்போது அந்தப் பொட்டலத்தை என் முன்னால் வைக்கிறீர்கள். சீல் உடைபடவே இல்லை என்கிறீர்கள். யாரோ ஒரு விற்பனையாளர் சாம்பிள் என்று திணித்துவிட்டுப் போனாராம். அக்கா பார்த்தால் குமட்டுமே என்று, திருப்பிக் கொடுக்கும்வரை ஒளித்து வைத்திருந்தானாம். அவன் மனைவி சொன்னாளாம். இருக்கலாம். அந்த முறை பத்து நாள் கூடுதலாகக் குளிரில் வைத்தது நான்தான். அதில் தெளிந்திருக்கும். மறுக்கவில்லை.

ஆனாலும் அந்த பீரில் மீன் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். என் நாக்கு பொய் சொல்லாது.